தேதிக்கு ஓர் அதிகாரம்

பிப்ரவரி 15

கர்த்தருக்குள் பிரியமான அண்ணிக்கு,

இன்று பதினைந்து. நீங்களும் காலையில் நீதிமொழிகள் பதினைந்தாம் அதிகாரம்தான் படித்திருப்பீர்கள். முதல் வசனமே என் தலையில் குட்டியது. மெதுவான பதில் உக்கிரத்தை மாற்றுமாம். முந்தாநாள் போனில் நான் அண்ணனுக்குச் சொன்ன பதில் மெதுவானது என்று என் எதிரி கூடச் சொல்ல மாட்டான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டிவிட்டார்.

அதனால்தான் கடிதம். போனில் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது. எழுதினால் கை கொஞ்சம் நின்று யோசிக்கிறது.

அண்ணன் சொன்னது ஒரே வரி. "அந்த ஆளு வேணாம். மேல பேசாத." ஏன் என்று கேட்டேன். "வேணாம்னா வேணாம்." அவ்வளவுதான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் உங்களுக்கும் கேட்டிருக்கும். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து, படிக்க வைத்து, தட்டச்சு வகுப்புக்குத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போய், எனக்கு டக்டக் என்று பெயரும் வைத்தவர் அவர். அவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் நாற்பத்து மூன்று வயதுக்காரிக்கு ஒரு காரணம் சொல்லியிருக்கலாம் இல்லையா?

நீங்கள் அந்த ஆளைப் பார்த்ததில்லை. லிப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் அவருக்கு 'முதல் சவாரி' என்று பெயர். எந்த லிப்டைப் பழுது பார்த்தாலும் அடியிலிருந்து உச்சி வரை தானே தனியாக மூன்று தடவை போய் வருவார், அப்புறம்தான் பிறர் கால் வைக்கலாம். மனைவி இறந்து ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. கம்பெனி அவரை ஜூன் மாதம் வேறு ஊருக்கு மாற்றுகிறது. "ஏப்ரல் முப்பதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்ல" என்றார். ஏப்ரல் முப்பது என்று சொல்லிவிட்டு அவசரம் இல்லை என்கிற மனிதர்!

எனக்கு மனசு இருக்கிறது. ஆனால் அண்ணன் சம்மதிக்காமல் நான் போதகரிடம் போய் விவாக அறிவிப்புக்குப் பெயர் கொடுக்க மாட்டேன். மூன்று ஞாயிறு அவர் ஆலயத்தில் வாசிப்பார், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். ஊரில் ஒருவருக்கும் இருக்காது. ஆட்சேபம் உள்ள ஒரே ஆள் ஏழு மணி நேரம் தள்ளி, பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். அதைத் தாங்கிக்கொண்டு என்னால் முன்வரிசையில் உட்கார முடியாது.

நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள், அண்ணி. உங்களோடு இருந்த நாலு வருடத்தில் நான் எடுத்த நல்ல முடிவெல்லாம் உங்கள் பிரிட்ஜ் கதவில் எடுத்ததுதான். மாதத்துக்கு முப்பத்தொரு நாள், புத்தகத்துக்கு முப்பத்தொரு அதிகாரம் என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். தேதிக்கு ஓர் அதிகாரம், அதில் ஒரே ஒரு வசனத்தைச் சீட்டில் எழுதி பிரிட்ஜில் ஒட்டுவது, சீட்டின் தலையில் தேதி. இங்கேயும் என் பிரிட்ஜில் தினமும் ஒரு சீட்டு இருக்கிறது. படிக்க நான் ஒருத்திதான்.

உங்கள் டக்டக்

மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகி முப்பது நாள்.

இன்றைய அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பார்த்தீர்களா? பேசாமல் இருந்தால் மூடனும் ஞானவான் என்று எண்ணப்படுவான். இந்த முப்பது நாளில் நீங்கள் எவ்வளவு பெரிய ஞானி ஆகியிருப்பீர்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எழுதியதை அடிக்கலாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன். அடிக்கவில்லை. கோர்ட்டில் சாட்சி சொன்னதைத் தட்டச்சு செய்துவிட்டால் அப்புறம் அடிக்க முடியாது, அந்தப் பழக்கம்.

டக்டக்

மார்ச் 26

அருமை டக்டக்குக்கு,

உன் பதினேழாம் தேதிக் குத்து வந்து சேர்ந்தது. நன்றாகவே இறங்கியது. நான் வாங்க வேண்டியதுதான்.

என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். உன் முதல் கடிதத்தைப் பத்து நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், என்ன எழுதுவது என்று தெரியாமல். பிப்ரவரி 26 காலை, எட்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் புத்தகத்தைத் திறந்தேன். இருபத்தாறாம் அதிகாரம், நாலாம் வசனம். மூடனுக்கு அவன் மதியீனத்துக்குத் தக்கபடி பதில் சொல்லாதே, சொன்னால் நீயும் அவனைப் போல் ஆவாய். ஆகா, தேவ வழிநடத்துதல் என்று சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். அந்த மூடன் நீதான். மன்னித்துக்கொள்.

இன்று மறுபடி இருபத்தாறு. ஆஸ்பத்திரி லாண்டரியில் பெரிய இயந்திரம் ஒன்று நின்றுவிட்டதால் சாவகாசமாக உட்கார்ந்து படித்தேன். நாலுக்கு அடுத்து ஐந்து வருகிறது, டக்டக். இத்தனை வருடம் கழித்து இதைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஐந்தில் என்ன இருக்கிறது தெரியுமா? மூடனுக்குப் பதில் சொல், சொல்லாவிட்டால் அவன் தன்னையே ஞானி என்று நினைத்துக்கொள்வான். நாலு சொல்லாதே என்கிறது, ஐந்து சொல் என்கிறது. இதை எழுதிய, ஞானத்தில் பெரிய ராஜா மறதியில் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்க மாட்டார். எந்த நாளுக்கு நாலு, எந்த நாளுக்கு ஐந்து என்பதை ஆண்டவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நான் கேட்கவே இல்லை. சீட்டெடுத்துக் குறி பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவள், அதையே வேத புத்தகத்தில் செய்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரே வசனம் என்று நாம் வைத்த சட்டம் இருக்கிறதே, அது நம் சட்டம். புத்தகத்தில் அப்படி இல்லை.

இன்னொன்று. மூடன் யார் என்று இரண்டு வசனத்திலும் பெயர் போட்டிருக்கவில்லை. உன் பெயரை நிரப்பிக்கொண்டவள் நான்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். ஜனவரியில் நீ முதல் தடவை அந்த மனிதரைப் பற்றிச் சொன்னபோது, எங்கள் ஆஸ்பத்திரி லிப்ட் இயக்குபவரிடம் சும்மா விசாரித்தேன், இங்கேயும் அந்தக் கம்பெனி ஆட்கள்தான் பழுது பார்க்க வருகிறார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "ஐயோ, அந்த ஆளா? ஆறு வருஷம் முன்னாடி அவன் அஜாக்கிரதையால ஒரு அம்மா லிப்ட் குழிக்குள்ள விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. கேஸ் எல்லாம் ஆச்சு" என்றார். நான் அப்படியே கொண்டுபோய் உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. "வேணாம்னு சொல்லிடு" என்றார். அப்புறம் தானே உன்னிடம் சொல்லிவிட்டார். காரணத்தை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுகிறார். எதற்கும் இவ்வளவு இறுகிப்போய் நான் அவரைப் பார்த்ததில்லை.

நீ இது தெரியாமல் ஏமாறுகிறாய் என்று நினைத்தேன். அதுதான் என் கோபம். தெரியுமா உனக்கு? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

உன் அண்ணி

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

தெரியும்.

ஒரு வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். மீதி என் விருப்பத்துக்கு எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். 'உன்னை மூடன் என்று நினைத்தேன்' என்று யார் இப்படி நேராக எழுதுவார்கள்? சிநேகிதன் அடிக்கும் அடி உண்மையானது என்று படித்திருக்கிறோம், நாத்தனாருக்கு அண்ணி அடித்தாலும் அப்படித்தான் போலிருக்கிறது. உங்களை எனக்கு எதற்குப் பிடிக்கும் என்பது மறந்துபோயிருந்தது. ஞாபகம் வந்துவிட்டது.

இன்று மூன்றாம் அதிகாரம். ஆனால் எனக்கு வேண்டியது பதினெட்டு. தேதி தப்பிப் படித்தேன், தண்டனை ஏதாவது இருந்தால் எழுதுங்கள். தன் வழக்கில் முதலில் பேசுகிறவன் நியாயஸ்தன் போலத் தெரிவான், அப்புறம் அடுத்தவன் வந்து அவனைச் சோதிப்பான். பத்தொன்பது வருடம் நீதிபதியின் மேசைக்குக் கீழே உட்கார்ந்து நான் தினமும் தட்டுவது இந்த ஒரு வசனத்தைத்தான். காலையில் வாதி பேசும்போது, பாவம் இவர் என்று தோன்றும். சாப்பாட்டுக்குப் பிறகு பிரதிவாதி பேசுவார், ஐயோ பாவம் இவரல்லவா என்று தோன்றும். உங்கள் லிப்ட்காரர் காலையில் பேசிவிட்டார். இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு.

போன ஆகஸ்டில் கோர்ட் லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நானும், வேலித் தகராறில் பதினாலு வருடமாக வழக்காடும் அண்ணன் தம்பி இருவரும். விளக்கு வேறு அணைந்துவிட்டது. மேலிருந்து ஒரு குரல். "உள்ள எத்தனை பேரு? யாருக்காவது மூச்சு முட்டுதா? இது விழாது, பயப்படாதீங்க. இப்ப டொக்குனு ஒரு சத்தம் வரும். அது நான்தான்." டொக்கென்று வந்தது. "இப்ப லேசா ஒரு குலுக்கல். அதுவும் நான்தான்." இருபது நிமிடம் இப்படியே, எது வரப்போகிறதோ அதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அண்ணன் தம்பி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே வந்ததும் விட்டுவிட்டார்கள், அது வேறு விஷயம். ஏற்ற சமயத்தில் சொன்ன வார்த்தை வெள்ளித் தட்டில் பொன் பழம் என்பார்களே, அன்றைக்கு எனக்கு அது மேலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தது.

இரண்டாவது தடவை பார்த்தபோது, டீக்கடையில், நான் கேட்காமலே சொன்னார். "ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். வேலை நடக்குதுன்னு பலகை வைக்க மறந்துட்டேன். தப்பு என்னோடது. ஒரு அம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்சுது." நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும், அண்ணி. அதைத் தட்டியதே நான்தான்.

சாட்சி சொல்கிறவர்கள் முகத்தை நான் பார்ப்பதில்லை, பார்த்தால் விரல் தப்பும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நஷ்டஈட்டு வழக்கு. கம்பெனி வக்கீல் அந்த மெக்கானிக்குக்கு மூன்று பக்கம் தயார் செய்து கொடுத்திருந்தார். வெளிச்சம் போதாது, கதவின் தயாரிப்புக் கோளாறு, அந்த அம்மா அவசரப்பட்டார் என்று. மெக்கானிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு சொன்னார். "பலகை வைக்க மறந்துட்டேன். தப்பு என்னோடது." என் விரல் அரை நொடி நின்றது. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் பக்கம் தட்டியிருப்பேன்! 'எனக்கு நினைவில்லை', 'அப்படி இருக்கலாம்', 'என் கவனத்துக்கு வரவில்லை', இவையெல்லாம் என் விரலுக்குத் தானாகவே வரும். 'தப்பு என்னோடது' என்று தட்டியது அந்த ஒரு தடவைதான். வேலை போனது, ஒன்றரை வருடம் கிடங்கில் மூட்டை எண்ணினார், அப்புறம்தான் இப்போதைய லிப்ட் கம்பெனி எடுத்துக்கொண்டது. விழுந்த அந்த அம்மா வீட்டுக்கு இன்றும் மாதம் ஒரு தடவை போகிறார். அந்த அம்மா இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. குழாய் மாற்ற வைப்பார், பல்பு மாட்ட வைப்பார், ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க மாட்டார். "மன்னிக்கறது அவங்க இஷ்டம். போறது என் வேலை" என்கிறார் இவர்.

தன் தப்பை மறைக்கிறவன் வாழ மாட்டான், சொல்லிவிட்டு விடுகிறவன் இரக்கம் பெறுவான் என்று இருபத்தெட்டில் படித்தது நினைவு வந்தது. அதை நடந்து திரியும் ஆளாகப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

பயமும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். என் அறை உங்களுக்குத் தெரியும். செருப்பு வைக்கக் கூட கோடு போட்டு வைத்திருப்பேன். இவருடைய கருவிப் பெட்டி வைத்த இடமெல்லாம் கிரீஸ். சட்டைக் கையில் கிரீஸ், பேனாவில் கிரீஸ், பைபிளில் கூட ஏசாயா புத்தகம் முழுக்க ஒரு கட்டைவிரல் ரேகை. இந்த வயதில் எனக்கு இது வேண்டுமா என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் அந்த ரேகையை நினைத்துச் சிரிப்பு வருகிறது.

உன் சுயபுத்தியின்மேல் சாயாதே என்கிறது இன்றைய அதிகாரம். எதன்மேல் சாய்வது என்று தெரிகிறது. அண்ணன் இல்லாமல் நிற்கத்தான் தெரியவில்லை.

உங்கள் டக்டக்

ஏப்ரல் 14

அருமை டக்டக்குக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்று தடவை அந்த மனிதருக்காக, ஒரு தடவை உனக்காக. இரண்டு மாதம் நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், நீ ஒரு வரியில் கூட என்னைத் திருப்பிக் குத்திக் காட்டவில்லை. அந்த ஞானி விஷயம் தவிர. அது பரவாயில்லை, நன்றாக இருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரி லிப்ட்காரரிடம் போய் முழுக்கதையையும் சொன்னேன். "அப்படியா? எனக்குத் தெரியாதும்மா, நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன்" என்றார். நானும் கேள்விப்பட்டதைத்தான் சொன்னேன். காரியத்தைக் கேட்கும் முன் பதில் சொல்வது வெட்கம் என்று எழுதியிருக்கிறது. வெட்கம்தான்.

உன் கிரீஸ் பயத்துக்கு இன்றைய அதிகாரமே பதில் சொல்கிறது பார், நாலாம் வசனம். மாடு இல்லாத தொழுவம் சுத்தமாக இருக்கும், ஆனால் மாட்டின் பலத்தால்தான் களஞ்சியம் நிறையும். இதை எழுதிய ஆள் அரண்மனையில் இருந்தாலும் ஒரு நாளாவது தொழுவம் கூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது தெரியாது. எனக்கு இந்தப் புத்தகத்தில் பிடித்ததே இதுதான். வானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, சட்டென்று கூரை ஒழுகல், பல்வலி, மாட்டுக் கொட்டகை என்று இறங்கிவிடும். உன் தொழுவம் பத்தொன்பது வருடமாகப் பளபளவென்று இருக்கிறது. கிரீஸுக்கு நல்ல சோப்பு என்னிடம் இருக்கிறது, ஆபரேஷன் துணிக்குப் போடுவது. அனுப்புகிறேன். ஏசாயாவுக்குப் போடாதே.

இப்போது முக்கியமான விஷயம். உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். 'தப்பு என்னோடது' என்கிற இடம் வந்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அரைமணி நேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து, "படிச்சது போதும்" என்றார். கோபம் மாதிரியும் இல்லை. எனக்குப் புரியவில்லை.

அவர் வேதம் படிக்கிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் காபி குடிக்கும்போது பிரிட்ஜ் சீட்டைப் படித்துவிடுவார், படிக்காத மாதிரி. மார்ச் 27 அன்று நான் ஒட்டியது, தூரத்திலுள்ள சகோதரனைவிடச் சமீபத்திலுள்ள அயலானே மேல். கீழ்வீட்டு அம்மா எனக்கு ஜுரம் என்று மூன்று வேளையும் கஞ்சி கொண்டு வந்தார், அந்த நன்றிக்கு எழுதியது. வேறு ஒரு நினைப்பும் இல்லை. சாயங்காலம் பார்த்தால் சீட்டைக் காணோம். காற்றில் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று அவர் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டேன். நான் பைகளைத் துழாவாமல் எந்தத் துணியையும் தண்ணீரில் போட மாட்டேன், தொழில் அப்படி. டாக்டர் கோட்டுகளில் தெர்மாமீட்டர், பாதி பிஸ்கட், ஒரு தடவை ஒருவரின் பல்செட் கூட எடுத்திருக்கிறேன். உன் அண்ணன் சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருந்தது. நாலாக மடித்து. மடிப்பெல்லாம் நைந்துபோய். தினமும் ஒரு சட்டையிலிருந்து மறு சட்டைக்கு மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். கோபத்தில் கிழித்திருந்தால் குப்பைக்கூடையில் கிடந்திருக்கும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று காலை அவர் போட்டுக்கொள்ளப்போகும் சட்டையில் திரும்ப வைத்துவிட்டேன். இன்றைக்கு நாலாம் வசனமா ஐந்தாம் வசனமா என்று இந்தத் தடவை ஜெபம் பண்ணிவிட்டுத்தான் முடிவெடுத்தேன். நாலு.

முப்பதாம் தேதி வரை பொறு.

உன் அண்ணி

ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களா அனுப்பினீர்கள்? இல்லை என்று அண்ணன் சத்தியம் செய்கிறார். வேலை விஷயமாக வெளியூர் என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டு வந்தாராம். இந்தக் கடிதம் வரும் முன்பே அவர் வந்து சேர்ந்திருப்பார். ஆனாலும் நான் பார்த்ததை நான்தான் எழுத வேண்டும், அவர் எதையும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்.

நேற்று ஞாயிறு. ஆராதனை முடிந்து நானும் என் மெக்கானிக்கும் என் கட்டிட வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு என்ன பேச்சு, இன்னும் மூன்று நாள்தான் என்று இருவருக்கும் தெரியும், அதனால் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒருவர் நொண்டிக்கொண்டு வருகிறார். அண்ணன்! காலுக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஒன்னுமில்ல. அந்த டிரைவர் வளைவுல பிரேக்கே போட மாட்டேங்கறான். ஏழு மணி நேரம் நான்தான் போட்டேன்." முன்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் அறிமுகப்படுத்தினேன். இரண்டு பேரும் கை கொடுத்துக்கொள்ளவில்லை. லிப்டின் கதவைத் திறந்தேன். "நான் ஏற மாட்டேன். படியில வரேன்" என்றார் அண்ணன். ஏழு மாடி, அண்ணி. பிடித்துக்கொண்ட கெண்டைக்காலோடு. என் லிப்ட் மெக்கானிக் என்ன செய்தார் தெரியுமா? இது பத்திரமான லிப்ட், நானே பார்க்கிறேன், என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "வாங்க, படியிலயே போலாம்" என்று முன்னால் நடந்தார். மெதுவான பதில் என்பது வாயால்தான் சொல்ல வேண்டும் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நான் அரை மாடி பின்னால் போனேன். மூன்றாம் மாடி வரை செருப்புச் சத்தம்தான். நாலாம் மாடித் திருப்பத்தில் அண்ணன் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அந்தம்மா விழுந்தாங்களே, அன்னைக்கு என்ன ஆச்சு?"

"பலகை வைக்க மறந்துட்டேன். தப்பு என்னோடது."

அதே வாக்கியம். கோர்ட்டில் ஒன்று, டீக்கடையில் ஒன்று, படிக்கட்டில் ஒன்று. ஓர் எழுத்து கூட மாறவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சொன்னப்புறம் தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டார். "உடனே வரல. வேலை போன பிறகு வந்துச்சு" என்றார் இவர். அதற்குப் பிறகு அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, இவரிடம் ஒன்று சொன்னார். எனக்கும் கேட்டது. பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லாததாம், உங்களிடமும். அது என்ன என்று நான் எழுத மாட்டேன், அண்ணி. என்னைக் கேட்கவும் கேட்காதீர்கள். அது அவர் வாயால் வர வேண்டியது. அவர் எதற்காக அந்த ஒரு வரிக் கோபம் கோபப்பட்டார் என்பது மட்டும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் வேண்டாம் என்று சொன்னது இந்த மனிதரை இல்லை.

இவரும் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பெரிய ஆண்கள் நாலாம் மாடிப் படியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் மீதி மூன்று மாடியும் ஏறினோம்.

என் அறைக்கு வந்ததும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து உங்கள் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். "உங்க அண்ணி எழுதியிருக்கா பாரு. தூரத்துல இருக்கற சகோதரன்னு. ஏழு மணி நேரம் ஒரு தூரமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. சீட்டின் தலையில் 27 என்று போட்டிருந்ததால் இருபத்தேழாம் தேதிதான் வர வேண்டும் என்று ஒரு மாதம் காத்திருந்தாராம்! அது எழுதிய நாளின் தேதி, அதிகார எண்ணும் அதுதான் என்று சொன்னேன். "எனக்கென்ன தெரியும், கெடு வச்சிருக்கான்னு நெனச்சேன்" என்கிறார். இருபத்தைந்து வருடமாக அந்தச் சீட்டுகளைப் படிக்கிற மனிதர்!

சாயங்காலம் கிளம்பும்போது லிப்டுக்கு முன்னால் நின்றார். "நீ முதல்ல போய்ட்டு வா" என்றார் இவரிடம். இவர் சிரிக்காமல் உள்ளே போய், தனியாக ஏழு மாடி இறங்கி, ஏறி, கதவைத் திறந்தார். அண்ணன் உள்ளே போய் நின்றார். கதவு மூடும்போது என்னைப் பார்த்து, "போதகர்கிட்ட பேரைக் குடு" என்றார்.

குடுத்துவிட்டேன்.

உங்கள் டக்டக்

மே 11

அருமை டக்டக்குக்கு,

இன்று பதினொன்று. புறங்கூறுகிறவன் இரகசியத்தை வெளியிடுவான், உண்மையுள்ளவனோ காரியத்தை மூடிவைப்பான். நீ மூடி வைத்தாய். எனக்கு இரண்டு வாரம் தலை வெடித்தது. ஆனாலும் உன்னைக் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடிய விஷயம் இது ஒன்றுதான்.

நேற்றுக் காலை நான் சீட்டு எழுதிக்கொண்டு போனால் பிரிட்ஜ் கதவில் எனக்கு முன்னாலேயே ஒன்று ஒட்டியிருந்தது. உன் அண்ணன் கையெழுத்து, பஸ் பலகையில் ஊர்ப்பெயர் போடுவது மாதிரி கொட்டை கொட்டையாக. தலையில் ஒழுங்காகத் தேதி. வசனம் இல்லை.

'பெல் அடிக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.'

அவர் மேசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நேரமாகிவிட்டது என்று கண்டக்டர் பெல் அடிக்கும் முன்பே வண்டியை எடுத்துவிட்டாராம். இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. விசாரணையில் கண்டக்டர், "நான்தான் பார்க்காம பெல் அடிச்சுட்டேன்" என்றாராம். இவருக்குக் குடும்பம், கல்யாணம் ஆகாத தங்கை வேறு, தான் தனியாள் என்று. இவர் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டருக்கு வேலை போனது. லிப்ட் விபத்தைப் பற்றிக் கேட்டதும் இவருக்கு அந்தக் கண்டக்டர் முகம்தான் முன்னால் வந்ததாம். அந்த மனிதர் நம் வீட்டுக்கு எத்தனை தடவை வந்து சாப்பிட்டிருக்கிறார்! திடீரென்று வரவில்லையே என்று நான் கேட்டதற்கு, "ஊர் மாறிட்டான்" என்று இவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது, டக்டக். மறைக்க மாட்டேன். பதினோரு வருடம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன். நாலாம் வசனமா, ஐந்தாம் வசனமா என்று கண்ணை மூடிக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஆனது. "ஐந்து" என்று வந்தது. "தப்புதான். ரொம்பப் பெரிய தப்பு" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். யாராவது அதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது. அப்புறம் காபி போட்டுக் கொடுத்தேன்.

நேற்று மத்தியானமே டிப்போ மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன வரும் என்று தெரியவில்லை. வண்டியிலிருந்து இறக்கினாலும் இறக்குவார்கள். அவர் சம்பளம் இல்லாமலும் என் லாண்டரிச் சம்பளத்தில் வீடு ஓடும். உனக்கு அந்தக் கவலை வேண்டாம். மூன்றாவது அறிவிப்பு வாசிக்கும் ஞாயிறன்று இரண்டு பேரும் முன்வரிசையில் இருப்போம். ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்கும்போது இவர் திரும்பி எல்லாரையும் முறைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் மாப்பிள்ளையிடம் சொல். ஒரு வீட்டில் பதினோரு வருடமாக நடுவில் நின்றுபோன ஒன்றை அவர் ஒரே வாக்கியத்தில் கீழே இறக்கிவிட்டார். அவரை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆனால் அவர் வந்தால் என் வீட்டில் எங்கே வேண்டுமானாலும் அந்தப் பெட்டியை வைக்கட்டும்.

கண்டக்டரின் முகவரி கிடைத்துவிட்டது. இந்த ஊரிலேயேதான் இருக்கிறார், எங்கும் மாறவில்லை. சற்று முன்னால் உன் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பிரிட்ஜ் கதவிலிருந்து தன் சீட்டை எடுத்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அங்கே என்ன ஆகுமோ தெரியாது. கதவைத் திறக்கலாம், முகத்தில் அறைந்து மூடலாம்.

இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, இன்று அவர் திரும்பி வந்ததும் அந்தச் சட்டையைப் பை பார்க்காமல் துவைக்கப் போகிறேன்.

உன் அண்ணி